முல்லோயா முதல் வேவெஸ்ஸ வரை: 1940 மலையகக் கிளர்ச்சி யாருடையது?

1940 ஜனவரி 10ஆம் திகதி, ஹேவாஹெட்டப் பகுதியில் உள்ள முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அதே ஆண்டு மே மாதம், பதுளைக்கு அருகே உள்ள வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர்கள் தமக்குள் ஒரு குழுவைத் தெரிந்தெடுத்து, அந்தக் குழுவைக் கலந்து பேசியே தோட்டத்தை நடத்துவதாகத் துரையை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். இடையில் இருந்தவை நான்கே மாதங்கள். மலையகத்தின் வரலாற்றை எழுதிய ஒவ்வொரு தரப்பும் அந்த நான்கு மாதங்களைத் தன் வரவில் எழுதிக்கொண்டிருக்கிறது. சமசமாஜிகளுக்கு அது ஏகாதிபத்தியத்தை வீழ்த்தும் புரட்சியின் முன்னோடி. இலங்கை இந்திய காங்கிரஸின் வழிவந்தவர்களுக்கு, இந்திய வம்சாவளி மக்கள் அமைப்பாகத் திரண்ட தொடக்கம். கோ. நடேசய்யரைப் போற்றுவோருக்கு, அவர் பத்தாண்டுகளுக்கு முன் போட்ட விதையின் விளைச்சல். தோட்டத்துரைமாரின் சங்கத்துக்கோ, வெளியார் வந்து மூட்டிவிட்ட கலகம்.

இவற்றில் எது சரி என்று ஒன்றைத் தெரிந்தெடுப்பது எளிது. பலரும் அதைத்தான் செய்திருக்கிறார்கள். நான்கு தரப்பும் என்ன நோக்கத்தோடு தோட்டத்துக்குள் வந்தன, தொழிலாளர்கள் எதை வேண்டி எழுந்தார்கள், இரண்டுக்கும் இடையில் எங்கே பொருத்தம் இருந்தது, எங்கே விலகல் இருந்தது என்பவையே இக்கட்டுரையின் கேள்விகள். தலைவர்கள் ஒவ்வொருவரும் ஓர் எதிரியை நினைத்துப் போராடினார்கள்; தொழிலாளி கேட்டது, பேர் வெட்டப்படும் என்ற பயமில்லாமல் தோட்டத்தில் இருந்துகொண்டே துரையோடு வாதாடும் உரிமையை. கிளர்ச்சியின் வெற்றி தோல்விகளை இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும் என்பது என் முடிவு.

லயமும் பற்றுச்சீட்டும்

தேயிலைத் தோட்டத்தில் வேலையும் வீடும் ஒன்றாகவே கட்டப்பட்டிருந்தன. லயத்துக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். துரை பேரை வெட்டிப் பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்துவிட்டால், தொழிலாளிக்குச் சம்பளம், கூரை, அரிசிக் கணக்கு, அக்கம்பக்கம் எல்லாம் ஒரே நாளில் போய்விடும். நகரத்து ஆலைத் தொழிலாளி வேலைநிறுத்தம் செய்தால் மாலையில் தன் வீட்டுக்குத் திரும்பலாம். தோட்டத் தொழிலாளி துரையின் வீட்டில் இருந்துகொண்டு துரையை எதிர்க்க வேண்டியிருந்தது.

இதன்மேல் கங்காணி முறை ஏறியிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து ஆள் கட்டிக் கொண்டுவந்த பெரிய கங்காணி கடன் கொடுப்பவராகவும், ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்குபவராகவும், நியாயம் தீர்ப்பவராகவும் இருந்தார். கடனைச் சுமத்தி ஆளை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்றிய துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. 1935இல் தொழிற்சங்கச் சட்டமும் வந்தது. ஆனால் சங்கத்துக்காரர் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. சங்கம் அமைக்கும் உரிமை சட்டப் புத்தகத்தில் இருந்தது. கூட்டம் போட ஒரு அடி நிலம் தோட்டத்தில் இல்லை.

1939 செப்டெம்பரில் உலகப் போர் மூண்டபின் சாமான் விலை ஏறியது. போருக்குத் தேயிலை வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 1939 ஆகஸ்டு முதல் இந்திய அரசு இலங்கைக்குக் கூலியாட்கள் புறப்படுவதைத் தடைசெய்திருந்ததால், வேலை நீக்கிய ஆளுக்குப் பதிலாகக் கரையிலிருந்து புதிய ஆளைக் கொண்டுவருவது துரைக்கு முன்போல் எளிதாக இல்லை. தொழிலாளியின் கை சற்று ஓங்கிய அரிய சந்தர்ப்பம் அது. கிளர்ச்சி 1940இல் வெடித்ததற்கு எந்தத் தலைவரின் பேச்சையும்விட இந்த நிலைமையே பெரிய காரணம்.

அட்டனிலிருந்து ஒரு குரல்

தோட்டத்துக்குள் முதலில் நுழைந்தவர் நடேசய்யர். தஞ்சாவூரிலிருந்து வந்த பத்திரிகையாளரான இவர், தோட்ட எல்லைகளைக் கடக்கத் துணி வியாபாரி வேடம் போட்டவர் என்பது மலையகத்தில் இன்றும் சொல்லப்படும் கதை. 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசுப் பேரவைக்குச் சென்றார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடி ஆட்களைத் திரட்டினார்.

நடேசய்யரின் முதல் எதிரி கங்காணி. கணக்கைக் கேள், ரசீதைக் கேள், சட்டம் கொடுத்ததை விடாதே என்பதே அவருடைய போதனை. துண்டுப்பிரசுரமும் மனுவும் பேரவைக் கேள்வியும் அவருடைய கருவிகள். கொழும்பில் சிங்களத் தொழிற்சங்கத் தலைவர் ஏ.ஈ. குணசிங்கவோடு சேர்ந்து இயங்கிய அவர், குணசிங்க இந்தியத் தொழிலாளர்களுக்கு எதிராகத் திரும்பியபின் பிரிந்தார். சிங்களத் தொழிலாளர் தலைமையை நம்பித் தோட்ட மக்களை ஒப்படைக்க முடியாது என்ற முடிவுக்கு அந்த அனுபவம் அவரைக் கொண்டுசென்றது. துரைமாரும் பெரிய கங்காணிமாரும் சேர்ந்து அழுத்தியதில் சம்மேளனம் முப்பதுகளிலேயே தளர்ந்துவிட்டது. ஆனாலும் மேற்கு மலைகளில், சிறப்பாக அட்டன், டிக்கோயாப் பக்கங்களில், துரையை எதிர்த்து எழுத்தில் முறையிடலாம் என்ற எண்ணம் அவரால் வேரூன்றியது.

சமசமாஜிகளின் கணக்கு

1935 டிசம்பரில் தோன்றிய லங்கா சமசமாஜக் கட்சி தேயிலையை வேறு கண்ணால் பார்த்தது. பிரித்தானிய ஆட்சிக்கு இலங்கையில் வருமானம் தரும் மூலம் பெருந்தோட்டம்; தோட்டத் தொழிலாளர் அசைந்தால் ஆட்சியே அசையும் என்பது என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின் ஆர். டி சில்வா போன்றோரின் கணிப்பு. 1937இல் மடுல்கலையில் உள்ள ரெலுகஸ் தோட்டத்தில் தொழில் பழக வந்த அவுஸ்திரேலிய இளைஞர் பிரேஸ்கேர்டில் கட்சியில் சேர்ந்து, நாவலப்பிட்டிக் கூட்டத்தில் துரைமாரை எதிர்த்துப் பேசினார். ஆளுநர் அவரை நாடுகடத்த ஆணையிட்டார். உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. வெள்ளைத் துரையின் வாயிலிருந்தே துரைத்தனத்துக்கு எதிரான சொல் வந்தது தோட்டங்களில் பெரும் பரபரப்பை உண்டாக்கியது.

கட்சியின் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1939, 1940இல் வேகமாகப் பரவியது. முல்லோயாவில் சம்பள உயர்வும் சங்க உரிமையும் கேட்ட தொழிலாளர்களுக்குப் பின்னால் இருந்தது இந்தச் சங்கமே. துப்பாக்கிச் சூட்டை விசாரித்த ஆணைக்குழுவின் முன் கோவிந்தனின் மனைவிக்காகத் தோன்றியவர் கொல்வின் ஆர். டி சில்வா.

சமசமாஜிகளின் துணிவை யாரும் மறுக்க முடியாது. தோட்டத் தமிழருக்குக் கிராமசபை வாக்குரிமையை மறுத்த 1937ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அவர்கள் எதிர்த்தார்கள். ஆனால் அவர்களுடைய நோக்கமும் தொழிலாளியின் நோக்கமும் ஒரே திசையில் சென்றாலும் ஒரே இடத்தில் முடியவில்லை. அவர்களுக்கு வேலைநிறுத்தம் போர்க்கால அரசை நிலைகுலைக்கும் வழி; நீண்டால் நல்லது. லயத்தில் அடுப்பு எரிய வேண்டியவர்களுக்கு அது எவ்வளவு விரைவில் முடிகிறதோ அவ்வளவு நல்லது. தலைவர்களில் பெரும்பாலோர் சிங்களம் பேசும் நகரத்து வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் என்பதால், தோட்டத்துக்குள் அவர்கள் சொல் தமிழ் அமைப்பாளர்கள் வழியாகவே போய்ச் சேர்ந்தது.

கட்சிக்குள்ளும் அந்தக் காலத்தில் பிளவு. மொஸ்கோவின் வழியை ஏற்ற எஸ்.ஏ. விக்கிரமசிங்க குழுவினர் 1940இல் வெளியேற்றப்பட்டனர். இவர்களே 1943இல் இலங்கைக் கம்யூனிஸ்டுக் கட்சியை அமைத்தவர்கள். 1941 ஜூனில் சோவியத் யூனியன் தாக்கப்பட்டபின் போர் அவர்களுக்கு மக்கள் போராகிவிட்டது. உற்பத்தியை நிறுத்தும் போராட்டத்துக்கு அவர்களிடம் இடமில்லை. தோட்டத்தில் வேலையை நிறுத்துவது சரியா தவறா என்பதை ஐரோப்பாவின் போர்முனை முடிவுசெய்த விந்தை இது.

காங்கிரஸின் கவலை

இலங்கை இந்திய காங்கிரஸ் பிறந்தது தோட்டச் சம்பளப் பிரச்சினையால் அல்ல. அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலி வேலை செய்த இந்தியர்களை நீக்க 1939இல் அமைச்சர்கள் முடிவெடுத்தார்கள். ஜவஹர்லால் நேரு பேச்சுவார்த்தைக்கு வந்தார். அவர் வந்திருந்தபோது, ஜூலை 25ஆம் திகதி, பிளவுபட்டுக் கிடந்த இந்தியர் அமைப்புகள் ஒன்றாகிக் காங்கிரஸ் உருவானது. முதல் வரிசையில் வர்த்தகர்களும் வழக்கறிஞர்களும் கங்காணிக் குடும்பத்தவர்களும் இருந்தார்கள். பின்னாளில் இதன் பெருந்தலைவரான சௌமியமூர்த்தி தொண்டமானின் தந்தை, கங்காணியாக இருந்து றம்பொடைப் பக்கத்து வேவண்டன் தோட்டத்துக்கே உரிமையாளரானவர்.

இவர்களின் எதிரி துரையைவிடச் சிங்கள அமைச்சரவை. இவர்கள் பயந்தது வாக்குரிமை பறிபோவதற்கு. 1931இல் இந்தியத் தமிழ் வாக்காளர் சுமார் ஒரு இலட்சம். 1939இல் அது சுமார் 2 இலட்சத்து 25 ஆயிரமாக வளர்ந்தது. இந்த வளர்ச்சியே சிங்களத் தலைவர்களைக் கலக்கியது. கட்டுப்பாடுகள் இறுக, 1943இல் தொகை சுமார் 1 இலட்சத்து 68 ஆயிரத்துக்கு விழுந்தது.

இப்படி வர்த்தகர் அமைப்பாகத் தொடங்கிய காங்கிரஸ், 1940இல் தொழிலாளர் சங்கம் ஒன்றையும் தொடங்கியது. தொழிலாளர்கள் தாமாகவே எழுந்துவிட்டார்கள். அவர்களைத் திரட்டாவிட்டால் சமசமாஜிகள் திரட்டிவிடுவார்கள் என்பதே இதன் காரணம். ஆகவே காங்கிரஸ்தான் கிளர்ச்சியை உண்டாக்கியது என்பதைவிட, கிளர்ச்சிதான் காங்கிரஸைத் தோட்டத்துக்கு இழுத்துவந்தது என்பதே பொருந்தும். அந்தச் சங்கத்துக்குள்ளும் இரண்டு போக்குகள் இருந்தன. இடதுசாரிச் சார்புள்ள அப்துல் அஸீஸ் ஒருபுறம், பேரம்பேசி வெல்லும் தொண்டமான் மறுபுறம். 1950இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் எனப் பெயர் மாறிய அமைப்பிலிருந்து அஸீஸ் பிரிந்து ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை அமைத்தது இந்தப் பழைய முரண்பாட்டின் முடிவு.

அமைச்சர்களும் துரைமாரும்

முல்லோயாச் சூட்டின் பின் கொழும்பில் நடந்தது இன்னொரு நாடகம். அதையொட்டிய வழக்கொன்றில் உள்நாட்டு அமைச்சர் டி.பி. ஜயதிலக்க விடுத்த அறிவுறுத்தலைப் பொலிஸ்மா அதிபர் ஏற்கவில்லை. ஆளுநர் கால்டெகொட் அதிபரின் பக்கம் நின்றார். பெப்ரவரியில் அமைச்சர்கள் பதவி விலகினார்கள், பிறகு திரும்பினார்கள். அரசியலமைப்பு வரலாற்று நூல்களில் இது பொலிஸ் அதிகாரம் யார் கையில் என்ற தகராறாகவே இடம்பெறுகிறது. தோட்டத்தில் ஒரு தொழிலாளி செத்ததை வைத்து, வெள்ளை ஆளுநரிடமிருந்து எவ்வளவு அதிகாரம் பறிக்கலாம் என்று பார்த்த அதே அமைச்சர்கள்தான், அந்தத் தொழிலாளியின் இனத்தவரின் வாக்கைக் குறைக்கும் முயற்சியிலும் ஈடுபட்டிருந்தார்கள். இரண்டையும் அவர்கள் முரணாகக் கருதவில்லை. அவர்கள் மனதில் இருந்த தேசத்துக்கு இரண்டும் தேவைப்பட்டன. நிலமிழந்த கண்டிச் சிங்கள விவசாயியின் குறையும் அதில் கலந்திருந்தது. 1840ஆம் ஆண்டுத் தரிசுநிலச் சட்டத்தின் வழியே மலைநிலத்தை எடுத்தது ஆங்கில அரசு. பழி சுமந்தது அந்நிலத்தில் கொழுந்து பறித்தவர்கள்.

துரைமார் ஆரம்பத்தில் எல்லாச் சங்கத்தையும் எதிர்த்தார்கள். போராட்டம் பரவியதும் தரம்பிரித்தார்கள். எந்தச் சங்கத்தோடு பேசினால் தேயிலை தடையின்றித் துறைமுகம் போய்ச்சேரும் என்பதே அவர்களின் ஒரே கேள்வி. 1940இல் உருவான ஏழு அம்ச ஒப்பந்தம் சங்கங்களை ஏற்பதற்கும், பிணக்கைப் பேசித் தீர்ப்பதற்கும் ஒரு நடைமுறையை வகுத்தது. தொழிலாளர் நெருக்கியதால் கிடைத்த வெற்றி அது. அதே ஒப்பந்தம், சட்டென்று வேலையை நிறுத்தும் வழக்கத்துக்குக் கடிவாளமும் ஆனது.

ஊவாவில் கிளர்ச்சியின் உச்சி

கிளர்ச்சி கண்டி மலைகளில் தொடங்கி ஊவாவுக்குப் பரவியபோது அதன் தன்மை மாறியது. அங்கே வேலைநிறுத்தங்கள் நீண்டன. தடையை மீறி மே 12ஆம் திகதி பதுளையில் பெருங்கூட்டம் நடந்தது, என்.எம். பெரேரா பேசினார். வேவெஸ்ஸவில் தொழிலாளர் குழு அமைந்தது. ஒழுங்கை நிலைநாட்டப் போன பொலிஸ் அணியின் ஆயுதங்களைத் தொழிலாளர்கள் பறித்தார்கள் என்று சமசமாஜிகளின் வரலாறு பதிந்திருக்கிறது. பிறகு அடக்குமுறை. பெருவெள்ளம் ஊவாவை மற்ற இடங்களிலிருந்து துண்டித்ததும் அதற்கு வசதியாயிற்று.

வேவெஸ்ஸவைப் புரட்சிகர அதிகாரத்தின் கரு என்று இடதுசாரிகள் வாசித்தார்கள். குழுவின் செயலைப் பார்த்தால் இன்னொரு வாசிப்பு கிடைக்கிறது. தொழிலாளர்கள் தோட்டத்தைக் கைப்பற்றவில்லை, துரையை விரட்டவில்லை. கலந்து பேசாமல் முடிவெடுக்காதே என்றார்கள். பேர் வெட்டுவது, வேலை பிரிப்பது, தண்டம் போடுவது ஆகியவை துரையின் தனி விருப்பத்துக்கு விடப்படக் கூடாது என்பதே இதன் பொருள். இதைச் சிறிய கோரிக்கை என்று எண்ணக் கூடாது. துரையின் சொல்லே சட்டமாக இருந்த இடத்தில், கலந்து பேசு என்பது ஆட்சிமுறையையே மாற்றும் கோரிக்கை. சமசமாஜிகள் அதன் ஆழத்தைச் சரியாகக் கண்டார்கள். அதன் எல்லையைத் தவறவிட்டார்கள். காங்கிரஸ் எல்லையைக் கண்டது, ஆழத்தைத் தவறவிட்டது.

காங்கிரஸ் கைக்கு வந்த விதம்

1940 ஜூனில் என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின், எட்மண்ட் சமரக்கொடி ஆகியோர் கைது செய்யப்பட்டார்கள். கட்சியின் இன்னொரு தலைவரான லெஸ்லி குணவர்தன தலைமறைவானார். சிறையிலிருந்தவர்கள் 1942 ஏப்ரலில் கண்டிச் சிறையிலிருந்து தப்பியபோது கட்சியே தடைசெய்யப்பட்டிருந்தது. தலைமையற்ற களத்தில் காங்கிரஸ் சங்கம் வளர்ந்தது.

ஆனால் கைதை மட்டும் காரணமாகக் காட்டுவது போதாது. போர் முடிந்து சமசமாஜிகள் வெளியே வந்தபிறகும் தோட்டத்தில் பெரும்பான்மையை அவர்களால் மீட்க முடியவில்லை. கங்காணி வழி உறவு, சாதி, ஊர்ப்பற்று ஆகியவை காங்கிரஸுக்கு ஆயத்தமான வலையாக இருந்தன. அதைவிட முக்கியமானது, நாட்டில் தங்கும் உரிமையே கேள்விக்குறியான காலத்தில், நீ யார் என்ற கேள்விக்குக் காங்கிரஸ் ஒரு விடை வைத்திருந்தது. வர்க்கம் என்ற விடை சிங்களத் தொழிலாளியும் ஏற்றால்தான் நிற்கும். அவர் ஏற்பார் என்ற நம்பிக்கையை 1933இல் வெள்ளவத்தை ஆலை வேலைநிறுத்தத்திலேயே குணசிங்க ஆட்டிவிட்டிருந்தார்.

அமைப்பின் வழிகள் அடைபட்டபோது கோபம் வேறு வழியில் வெளிப்பட்டதும் உண்டு. 1941இல் புசல்லாவைப் பக்கத்து ஸ்டெலன்பர்க் தோட்டத்தில் போப் துரை கொல்லப்பட்டார். இரண்டு தொழிலாளர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அதை எந்தத் தரப்பும் தன் வரவில் எழுதிக்கொள்ள அவசரப்படவில்லை.

தரப்புகள் சேர்ந்து நின்றது வீட்டுப் பிரச்சினையில்தான். 1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மையர் தோட்டத்தை, தோட்டத்தார் சொல்லும் பெயரில் உருளவள்ளியை, கிராம விரிவாக்கத்துக்கென எடுத்த அரசு தொழிலாளர்களை லயத்திலிருந்து வெளியேற்ற முனைந்தது. ஜூன் மாதத்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட தோட்டத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். சம்பளத்துக்காக அன்றி, வேறொரு தோட்டத்தில் யாரோ ஒருவரின் காம்பராவுக்காக இத்தனை பேர் எழுந்தது, அவர்கள் மனதில் எது முதலிடத்தில் இருந்தது என்பதைக் காட்டுகிறது.

பின்வந்தவை

1947 தேர்தலில் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்கு இடதுசாரிகளைத் தூக்கிவிட்டது. இரண்டும் புதிய ஆட்சியாளருக்கு ஆபத்தாகத் தெரிந்தன. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டுத் தேர்தல் சட்டத் திருத்தமும் அந்த மக்களை நாடற்றவர்களாகவும் வாக்கற்றவர்களாகவும் ஆக்கின. இடதுசாரிகள் பாராளுமன்றத்தில் எதிர்த்து வாக்களித்தார்கள். வாக்கில்லாத மக்களுக்காகப் பேசுவதால் தேர்தலில் எதுவும் கிடைக்காது என்பதும் அவர்களுக்கு நாளடைவில் தெரிந்தது. 1953 ஆகஸ்டு ஹர்த்தால் நாட்டை உலுக்கியபோது தோட்டங்கள் பெரும்பாலும் அதற்கு வெளியே நின்றன. 1964 ஜூனில் சமசமாஜக் கட்சி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசில் சேர்ந்து, என்.எம். பெரேரா நிதியமைச்சரானார், அதே ஆண்டு அக்டோபரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்பும் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் அந்த அரசு கையெழுத்திட்டது. கோவிந்தனின் மனைவிக்காக வாதாடிய கொல்வின் 1970 முதல் 1975 வரை பெருந்தோட்டக் கைத்தொழில் அமைச்சராக இருந்தார். தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தது அந்த ஆண்டுகளில்தான்.

1971 ஏப்ரலில் கிளர்ந்த மக்கள் விடுதலை முன்னணி, தன் உறுப்பினர்களுக்கு நடத்திய ஐந்து அரசியல் வகுப்புகளில் ஒன்றை இந்திய விஸ்தரிப்புவாதத்துக்கு ஒதுக்கியிருந்தது. 1940இன் புரட்சியாளர்கள் தோட்டத் தொழிலாளியை முன்னணிப் படையாகக் கண்டார்கள். முப்பது ஆண்டுகளில் வந்த அடுத்த தலைமுறைப் புரட்சியாளர்கள் அதே தொழிலாளியை இந்தியாவின் நீண்ட கையாகக் கண்டார்கள். இரண்டு பார்வையிலும் அவர் வேறொரு பெரிய கணக்கில் ஒரு புள்ளி.

மதிப்பீடு

லெஸ்லி குணவர்தனவின் கட்சி வரலாறு, தொண்டமானின் தன்வரலாறு, நடேசய்யர் பற்றிய சாரல்நாடனின் ஆய்வு, குமாரி ஜயவர்தனவின் தொழிலாளர் இயக்க வரலாறு ஆகியவற்றை அடுத்தடுத்து வாசிப்பவருக்கு, தரப்புகள் ஒன்றையொன்று மறைத்தாலும் அவற்றிடையே ஓர் உடன்பாடு தெரியும்: தோட்டத் தொழிலாளி தூண்டிவிடப்பட்ட பொம்மை அல்ல. பல வேலைநிறுத்தங்கள் சங்கம் சொல்லுமுன்பே தொடங்கின. தலைவர்கள் பின்னால் வந்தார்கள். நடேசய்யரிடம் எழுத்தையும் சட்டத்தையும், சமசமாஜிகளிடம் துணிவையும் வழக்கறிஞரையும், காங்கிரஸிடம் நிலையான அமைப்பையும் தொழிலாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரே குடும்பம் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு சங்கத்துக்குச் சந்தா கட்டியதைத் துரோகம் என்று சங்கத்தார் ஏசினார்கள். கிடைக்கும் காப்பை எடுத்துக்கொண்ட விவேகம் என்றே அதைச் சொல்ல வேண்டும்.

எனவே, கிளர்ச்சி யாருடையது என்ற கேள்விக்கு, தரப்புகளில் ஒன்றை விடையாகச் சொல்ல முடியாது. 1940இல் சங்கத்தை ஏற்கவைத்தார்கள், அது நிலைத்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பிரஜாவுரிமைப் பிரச்சினை பெருமளவு தீர்ந்தது. அதில் காங்கிரஸ் மரபுக்குப் பங்குண்டு. ஆனால் இருக்கும் வீடு தன்னுடையதாக இருந்து, அதன் வாசலில் நின்று துரையோடு வாதாடும் நிலை, இன்றும் லயங்களில் வாழும் பல குடும்பங்களுக்கு வரவில்லை. காணி, வீட்டு உறுதி என்று இன்றைய மலையகம் கேட்பதைப் புதிய கோரிக்கையாக எண்ணுபவர்கள் வேவெஸ்ஸவைத் திரும்ப வாசிக்க வேண்டும். சம்பள உயர்வை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கேட்க நேர்வதும் இதனால்தான்: வீட்டைப் பிடித்து வைத்திருப்பவரிடமே கூலியைப் பேசவேண்டியிருக்கும்வரை பேரம் சமமாகாது. எந்தச் சங்கம், எந்தக் கட்சி என்பதைவிட, இந்த முடிச்சை அவிழ்த்தார்களா என்பதே இனி ஒவ்வொரு தலைமையையும் அளக்க வேண்டிய கேள்வி.